இரண்டாம் பாகம் என்பது மறுபடி திறந்த கோப்பு

போன மாதம் ஒரு தம்பி தன் திரைக்கதையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். 130 பக்கம். குற்றக் கதை, இரண்டாம் பாகம். முதல் பாகமே இன்னும் வெளிவரவில்லை. அது அவருடைய கவலை, என்னுடையது அல்ல. 11ஆம் பக்கத்தில் ஒரு பால்காரர் காவல் நிலையத்துக்கு வந்து, "ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த ராத்திரி அவரைக் கிணற்றடியில் பார்த்தேன்" என்கிறார். நான் அத்தோடு காகிதக் கட்டை மூடி வைத்துவிட்டேன்.

"ஏன் ஐயா, அதற்குள்?"

"இந்த ஆள் ஏழு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தார்?"

தம்பி சற்று யோசித்துவிட்டு, "பால் கறந்துகொண்டிருந்தார்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் இரண்டாம் பாகங்களில் நான் பார்க்கும் ஓட்டைகளில் பாதிக்கு மேல் இந்தப் பதிலுக்குள்தான் இருக்கின்றன.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவன். 19 வருடம் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், சாட்சி வாக்குமூலம், கோர்ட்டுக்குப் போகும் படிவங்கள் என்று எழுதியே விரல் காய்த்தது. சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். மருமகனின் நண்பர் ஒருவர் உதவி இயக்குநர். "கதையில் போலீஸ் வரும் இடத்தை மட்டும் பாருங்கள்" என்று அவர் ஒருமுறை கேட்டதிலிருந்து இந்த வேலை என்மேல் ஒட்டிக்கொண்டது. எனக்கு கேமரா கோணம் தெரியாது. ஒரு கோப்பு எங்கே பிடி கொடுக்கும், எங்கே கோர்ட்டில் கிழியும் என்பது தெரியும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் வேலை, இரண்டாம் பாகத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் பாகத்துக்கு ஒரு கோப்பு போடுங்கள். முதல் பாகம் முடிந்துபோன வழக்கு. அதன் பக்கங்களுக்கு எண் போட்டாகிவிட்டது, இனி அதில் ஒரு வரியையும் மாற்ற முடியாது. ஒரு முழுத்தாளில் நான்கு கட்டம் போடுங்கள். நடந்த நாள், நேரம். அதை யார் பார்த்தார்கள். பார்த்தவர் யாரிடம் சொன்னார். சம்பந்தப்பட்ட பொருள் கடைசியாக எங்கே இருந்தது. இவ்வளவுதான். எழுதும்போது 'ஒருவேளை', 'அநேகமாக' என்றெல்லாம் போடாதீர்கள். படத்தில் காட்டியது மட்டும். தம்பியின் கதையில் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், வீட்டுக்கு வந்து மனைவியை அசிங்கமாகப் பேசிய வட்டிக்காரரை இரும்புக் குழாயால் அடித்துவிடுகிறார். உடல் பாழுங்கிணற்றுக்குள் போகிறது. இரண்டு வாரம் கழித்துப் பஞ்சாயத்து அந்தக் கிணற்றை இடிபாடு கொட்டி மூடுகிறது. கட்டம் போட்டுப் பார்த்தபோது தம்பிக்கே திக்கென்றது: வட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் என்ன ஆயிற்று? முதல் பாகத்தில் அது பட்டறை வாசலில் நிற்கிறது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவேயில்லை. நல்லவேளை, படம் வெளிவரவில்லை.

இரண்டாவது வேலைதான் பெரியது. உங்கள் இரண்டாம் பாகத்தைத் தொடங்கி வைக்கும் தகவல் யாரிடமிருந்து வருகிறதோ, அந்த ஆளின் மௌனத்துக்குக் கணக்கு கேளுங்கள்.

மனிதர்கள் சும்மா மௌனமாக இருப்பதில்லை. என் பணிக்காலத்தில் ஒரு செங்கல் சூளை வழக்கு. காணாமல் போனவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பது சூளை மேஸ்திரிக்கு நான்கு வருடமாகத் தெரியும். அவரை யாரும் மிரட்டவில்லை. 'சொல்லாதே' என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் அவர் வீட்டுக்கு ஒரு சிப்பம் அரிசி வந்தது. முதலாளி இறந்தார், மகன் பொறுப்புக்கு வந்தார், கணக்குப் புத்தகத்தில் அந்த அரிசி எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி எங்களிடம் வந்தார். வாக்குமூலம் எழுதும்போது, "மனசாட்சி உறுத்தியது" என்றார். எழுதிக்கொண்டேன். அரிசி பற்றி அவர் மனைவி பிறகு சொன்னார்.

உங்கள் பாத்திரமும் 'மனசாட்சி உறுத்தியது' என்று சொல்லலாம், தவறில்லை. எழுதுகிற உங்களுக்கு அரிசி தெரிந்திருக்க வேண்டும். வாயை மூடியிருந்ததில் அவருக்கு என்ன கிடைத்தது? இன்று அது ஏன் நின்றது? இரண்டுக்கும் பதில் இல்லாத சாட்சி, கதாசிரியர் அனுப்பிய ஆள். பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இதைத் திரையில் சரியாகச் செய்த உதாரணம் வேண்டுமென்றால், ஜீத்து ஜோசப் இயக்கிய மலையாளப் படம் 'திருஷ்யம் 2'. 2013 டிசம்பரில் வந்த முதல் பாகத்தின் தொடர்ச்சியாக 2021 பிப்ரவரியில் அமேசான் பிரைமில் வந்தது. முதல் பாகத்தை அவரே கமல்ஹாசனை வைத்து 2015இல் 'பாபநாசம்' என்று தமிழில் எடுத்ததால் நம் ஊரில் கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாகம் தமிழில் வரவில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்தக் கட்டுரைக்குத் திரும்புங்கள். இனிமேல் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன்.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சி, கதாநாயகன் ஜார்ஜ்குட்டியின் வீட்டில் இறந்த இளைஞனின் உடல் காவல் நிலையத்தின் தரைக்கடியில் இருக்கிறது என்பது. அதை அறிந்தவர் ஜார்ஜ்குட்டி ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு தியேட்டரை விட்டு வந்தோம். இரண்டாம் பாகம் தொடங்கியதுமே, அன்றிரவு ஜார்ஜ்குட்டி அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வருவதை இன்னொருவரும் பார்த்தார் என்கிறது. முதல் பாகத்தின் கோப்பில் இல்லாத ஒரு சாட்சியை நடுவே செருகுவது ஆபத்தான வேலை. எப்படித் தப்பித்தார் இயக்குநர்? பார்த்தவர் தானே ஒரு கொலை செய்துவிட்டுப் போலீஸுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பவர். பிடிபட்டுச் சிறைக்குப் போகிறார். தான் பார்த்தது என்னவென்று அவருக்கே அப்போது தெரியாது. ஆறு வருடம் கழித்து வெளியே வந்து, அந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்படும்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார். பணத்துக்கு வழியில்லாமல் இருக்கும் நேரம். போலீஸிடம் விலை பேசுகிறார். மௌனத்துக்கும் காரணம் இருக்கிறது, மௌனம் கலைந்ததற்கும் காரணம் இருக்கிறது. இரண்டும் அந்த ஆளின் வாழ்க்கையிலிருந்தே வருகின்றன.

'அவர் அந்த நேரத்தில் அங்கே ஓடி வந்தது தற்செயல்தானே' என்று கேட்கலாம். தற்செயல்தான். ஆனால் அது கதாநாயகனுக்குக் கேடாக வந்த தற்செயல். கேடு தற்செயலாக வந்தால் ஜனங்கள் ஒப்புக்கொள்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் வருகிறது. அவரைக் காப்பாற்றுவது தற்செயலாக வந்தால் இருக்கையில் நெளிகிறார்கள்.

பால்காரருக்கு வருவோம். அன்று மாலை முழுவதும் தம்பியும் நானும் அந்த ஒரு ஆளோடுதான் மல்லுக்கட்டினோம். அதை அப்படியே சொல்கிறேன், வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியும்.

கதையில் ஏழு வருடம் என்று தம்பி சும்மா போட்டிருந்தார். சட்டத்தில் அது சும்மா எண் இல்லை. ஒருவரைப் பற்றி ஏழு வருடமாக, இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் யாரும் ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு. அதாவது காணாமல் போன வட்டிக்காரரின் மகன், ஏழு வருடம் முடிந்ததும், அப்பா இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். உத்தரவு வந்தால் வாரிசுச் சான்றிதழ், வங்கி லாக்கர், நிலம், எல்லாம் கைக்கு வரும். 'நேர்மையான புதிய அதிகாரி பழைய கோப்பைத் தூசி தட்டுகிறார்' என்று எத்தனை கதைகள் படித்துவிட்டேன்! 19 வருடத்தில் எந்த அதிகாரியும் தானாகத் தூசி தட்டி நான் பார்த்ததில்லை. மனு வரும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும், கோர்ட் நிலை அறிக்கை கேட்கும், அப்போது தட்டுவோம்.

சரி, மகன் இரும்புப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே என்ன? பால்காரரின் புரோநோட்டு ஒன்று. அது செல்லாது, மூன்று வருடத்தில் காலாவதி. ஆனால் அதோடு சேர்த்து, பால்காரர் அடமானமாகக் கொடுத்த மாட்டுக்கொட்டகை இடத்தின் மூலப் பத்திரமும் இருக்கிறது. இப்போது பாருங்கள், மௌனம் தானாக எழுந்து நடக்கத் தொடங்குகிறது. வட்டிக்காரர் காணாமல் போன மறுநாளிலிருந்து பால்காரர் வட்டி கட்டவில்லை. கிணற்றடியில் பார்த்ததைச் சொல்லாமல் இருந்ததற்கு வேறு காரணமே வேண்டாம், கொலைகாரர் அவருடைய கடனையும் சேர்த்துத்தான் கிணற்றில் போட்டார். ஏழு வருடம் நிம்மதியாக இருந்த மனிதர், மகன் பத்திரத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வார்? காவல் நிலையத்துக்கு வரமாட்டார். மகனிடம்தான் பேசுவார்: "பத்திரத்தைக் கொடுங்கள். உங்கள் அப்பா எங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன்."

தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மகன் இனி எல்லாரையும் மிரட்டலாம்" என்றார். அடுத்த நிமிடம், "மகனுக்கு உடல் கிடைப்பது பிடிக்குமா?" என்று அவரே கேட்டார். நல்ல கேள்வி. கோர்ட் உத்தரவோடு சொத்து கைக்கு வந்துவிட்டது. கொலை என்று தெரிந்தால் விசாரணை, அப்பாவின் வட்டித் தொழில், கணக்கில் வராத பணம் எல்லாம் வெளியே வரும். அப்பாவின் எலும்பா, அப்பாவின் பணமா? இப்போது மகன் வில்லன் என்ற அட்டையைக் கழற்றிவிட்டு ஆளாகிவிட்டார்.

மூன்றாவது, கதாநாயகன். முதல் பாகத்தின் முடிவில் அவருக்கு என்ன பயமோ, அதே பயத்தோடு அதே சட்டையில் ஏழு வருடம் கழித்தும் நிற்கவைக்காதீர்கள். பயம் பழகிவிடும், வேறு உருவம் எடுக்கும். 'திருஷ்யம் 2'இல் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கேபிள் டிவி நடத்திய ஜார்ஜ்குட்டி இப்போது தியேட்டர் வைத்திருக்கிறார், குடிக்கிறார், சினிமா எடுக்கப்போவதாகச் சொல்லிப் பணத்தைச் செலவழிக்கிறார், மனைவி ராணிக்கு அது பிடிக்கவில்லை. நாமும் 'வசதி வந்ததும் ஆள் மாறிவிட்டார்' என்று நினைக்கிறோம். கடைசியில், அந்த சினிமாக் கதையே பாதுகாப்பு ஏற்பாடு என்று தெரிகிறது. நோக்கத்தை மறைக்கவில்லை, வேறு பெயர் எழுதி நம் கண்முன்னாலேயே வைத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் கடைசித் திருப்பம் வைக்க ஆசைப்படுகிறவர்கள், அந்தத் திருப்பத்துக்கான உழைப்பை முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு குறையாகவோ கெட்ட பழக்கமாகவோ காட்டிவிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் அதைத் திட்டட்டும். திட்டு வாங்கும் விஷயத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்தப் படத்தில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. தோண்டி எடுத்த எலும்புகள் மருத்துவக் கல்லூரியில் இருக்கும்போது, காவலாளியைப் பழக்கம் பிடித்து, வேறொருவரின் எலும்புகளை மாற்றி வைத்துவிடுகிறார் ஜார்ஜ்குட்டி. டி.என்.ஏ. பொருந்தவில்லை, வழக்கு விழுகிறது. நான் அந்தக் கோப்பை எழுதியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். புதைத்த உடலைத் தோண்டும்போது நிர்வாக நடுவர் முன்னிலையில், கட்டம் கட்டமாகப் படம் எடுப்போம். குழிக்குள் கிடந்த மண்டையோட்டின் பல்வரிசை படத்தில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மண்டையோட்டின் பல்லை அதோடு வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் படம் பார்க்கும்போது எனக்கு இது தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பல் துலக்கும்போதுதான் தோன்றியது. ஏனென்றால் அந்த மனிதர் அதற்காக வருடக்கணக்கில் பட்ட பாட்டைக் காட்டிவிட்டார்கள்: சவக்குழி வெட்டுகிறவரோடு பழகியது, பொருத்தமான எலும்புக்குக் காத்திருந்தது, காவலாளியோடு உட்கார்ந்து குடித்தது. உழைப்பைப் பார்த்தவர்கள் செயல்முறையை மன்னித்துவிடுகிறார்கள். செயல்முறை சரியாக இருந்து நோக்கம் ஓட்டையானால் மன்னிக்க மாட்டார்கள். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் எலும்பை விட்டுவிட்டு ஆளைச் சரிசெய்யுங்கள்.

காலக் கணக்கில் அடிக்கடி தவறும் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால், இன்று கைது செய்தாலும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவுதான். அதற்குப் பின் நடந்தால்தான், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. தொலைபேசி அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டு வருடம் வைத்திருந்தால் போதும் என்பது 2021 டிசம்பர் விதி. அதற்கு முன் ஒரு வருடம்தான். ஏழு வருடத்துக்கு முந்தைய அழைப்புப் பட்டியலை உங்கள் ஆய்வாளர் ஒரே போனில் வாங்குகிறார் என்றால், முதல் விசாரணையிலேயே யாரோ வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். கடைத் தெரு சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானே அழிந்துவிடும். காவல் நிலையத்துக்குள் கேமரா வைத்து 18 மாதம் பதிவைச் சேமிக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலையத்துக்குள் ரகசியக் காட்சி வைப்பவர்கள் கவனிக்கவும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. அதன் மூலம் பொருள் ஏதாவது கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். உங்கள் உச்சக்காட்சியில் குற்றவாளி லாக்கப்பில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாரா? அழட்டும். வழக்கு அதனால் முடியாது.

ஓட்டையை வசனத்தால் அடைக்காதீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?" "பயமாக இருந்தது சார்." இந்த இரண்டு வரியை நான் படிக்காத திரைக்கதை இல்லை. ஓட்டை இருக்கிறது என்று எழுதியவரே விரல் நீட்டிக் காட்டுவதுபோல இருக்கிறது இது. சுவரில் ஓதம் ஏறினால் பூச்சு வேலை பயன்படாது, அடியிலிருந்து பார்க்க வேண்டும். முன்னாலேயே ஒரு காட்சியை மாற்றுங்கள். பால்காரர் விஷயத்தில், தம்பியின் முதல் பாகத்தில் வட்டிக்காரர் தெருவில் ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற காட்சி ஏற்கெனவே இருந்தது. திட்டு வாங்குகிறவர் யாரோ ஒரு ஆள். படம்தான் இன்னும் வெளிவரவில்லையே, அவர் கையில் ஒரு பால் கேனைக் கொடுத்தால் முடிந்தது.

கடைசியாக, நான் எல்லாரையும் செய்யச் சொல்லும் பயிற்சி. கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் சாட்சி வாக்குமூலம் எழுதுங்கள். காவல் நிலையத்தில் எழுதுகிற அதே நடையில்: "நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். பால் வியாபாரம் செய்து வருகிறேன். எனக்குத் திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள்." ஊரை மயக்கும் நடை அல்லதான். ஆனால் இந்த நடையில் பொய் எழுதுவது கஷ்டம். அன்று எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த வழியாகப் போனார், கேன் எந்தக் கையில், டார்ச் இருந்ததா, பார்த்த பின் முதல் வேலையாக என்ன செய்தார், மறுநாள் அதே கிணற்றடி வழியாகத்தான் பாலுக்குப் போனாரா. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் போதும். அவருக்குத் தெரிந்தது மட்டும் எழுத வேண்டும். கதாசிரியருக்குத் தெரிந்தது ஒன்றும் உள்ளே வரக்கூடாது. எழுதிக்கொண்டே வரும்போது பேனா ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தைச் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள். ஓட்டை அங்கே இருக்கிறது.

தம்பி நேற்று வந்திருந்தார். எட்டுப் பேருக்கு வாக்குமூலம், அழகான கையெழுத்து. பால்காரருடையது ஒன்றே கால் பக்கம். விடியற்காலை நான்கே கால் மணி, இடது கையில் கேன், டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது, பார்த்ததும் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டார், அன்று பால் ஊற்றத் தாமதம். படித்தேன், பேனா எங்கும் நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் மறுபடி ஒரு வரியில் கண் நின்றது. "அன்று பால் ஊற்றத் தாமதமாகிவிட்டது."

"பால் தாமதமாக வந்தால் ஏன் என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்? அவர் மனைவி கேட்டிருக்க மாட்டாரா? அவரிடம் என்ன சொன்னார்?"

தம்பி கட்டை வாங்கிப் பார்த்தார். எட்டு வாக்குமூலத்தில் பால்காரரின் மனைவியுடையது இல்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்: "நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன்."